அச்சுக்கூடத்திலிருந்து அவைக்கு

கொட்டிவாக்கம் முதல் உத்தண்டி வரை கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி வளர்ந்துள்ள குடியிருப்புகளிலும், மயிலாப்பூர், அடையாறு, தியாகராய நகர் ஆகிய பழைய நடுத்தர வர்க்கப் பகுதிகளிலும், தேர்தல் நெருங்கும்போதெல்லாம் ஒரு கருத்து மறுக்க முடியாத உண்மையைப் போல எடுத்துரைக்கப்படுகிறது. அரசியல் கெட்டதற்குக் காரணம் படிக்காதவர்கள் அதில் நிறைந்திருப்பதே என்றும், ஆகவே படித்தவர்கள் அரசியலுக்கு வரவேண்டும் என்றும் அக்கருத்து கூறுகிறது. படித்தவர் என்று அங்கே கருதப்படுபவர் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவர். படிக்காதவர் என்று கருதப்படுபவரோ பெரும்பாலும் கைத்தொழில் செய்து பிழைத்தவர், அதாவது கொத்தனார், தச்சர், எலக்ட்ரீஷியன், பிளம்பர், தையற்காரர், நெசவாளர், அச்சுத் தொழிலாளி, மீனவர் ஆகியோர். இவர்கள் தத்தம் தொழிலில் எவ்வளவு தேர்ந்தவர்களாக இருந்தாலும், மாநகராட்சி மன்றத்திலோ சட்டப்பேரவையிலோ அமர்வதற்கான தகுதி அத்தேர்ச்சியால் வந்துவிடாது என்பதும், அப்படி அமர்ந்து சிறந்தவர் யாரேனும் உண்டென்றால் அவர் தம் தொழிலையும் மீறிச் சிறந்த அபூர்வப் பிறவி என்பதும் இக்கருத்தின் உள்ளடக்கமாகும். இதன் முதற்பகுதி வரலாற்றுக்குப் பொருந்தவில்லை. இரண்டாம் பகுதி, பாராட்டுப் போலத் தோன்றினாலும், முதற்பகுதியைவிடக் கூடுதலான கேட்டைச் செய்கிறது.

இக்கருத்தைச் சோதிப்பதற்குக் கொட்டிவாக்கம் ஏற்ற களம். கிழக்கே மீனவக் குப்பமும் கடலும், நடுவே அடுக்குமாடி வீடுகளும், மேற்கே பக்கிங்காம் கால்வாயைத் தாண்டிப் பழைய மாமல்லபுரம் சாலையின் மென்பொருள் அலுவலகங்களும் கொண்ட இப்பகுதி, 2011 அக்டோபர் வரை ஊராட்சியாக இருந்தது. சென்னை மாநகராட்சியின் எல்லை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது, ஒன்பது நகராட்சிகள், எட்டுப் பேரூராட்சிகள் ஆகியவற்றோடு இணைக்கப்பட்ட இருபத்தைந்து ஊராட்சிகளுள் அதுவும் ஒன்று. கட்டுமரத்தைத் தள்ளுபவரும், அடுக்குமாடியில் கம்பி கட்டுபவரும், கணினியின் முன் அமர்பவரும் ஒரே மாமன்ற உறுப்பினருக்கு வாக்களிக்கும் இடம் அது. அந்த உறுப்பினர் அன்றாடம் எதிர்கொள்ளும் பொருள்களை எண்ணிப் பார்த்தால், வடிகாலின் சரிவு, தெருவிளக்கின் இணைப்பு, குப்பைக் கிடங்கின் இடம், கழிவுநீர்க் குழாயின் அடைப்பு, படகு நிறுத்தும் மணற்பரப்பின் எல்லை என அவை நீளும். இவற்றுள் ஒன்றேனும் பட்டப்படிப்பில் கற்பிக்கப்படும் பொருளா என்ற கேள்வியைப் படித்தவர் வாதம் எழுப்பிக்கொண்டதில்லை.

அந்த வாதத்துக்கு மதிப்புள்ள முன்னோர்கள் உண்டு என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். 1949 நவம்பர் 26 அன்று அரசியல் நிர்ணய சபையின் தலைவர் இராசேந்திர பிரசாத் ஆற்றிய நிறைவுரையில், சட்டத்தை நிர்வகிப்பவர்களுக்கு உயர்ந்த தகுதிகளை வற்புறுத்தும் நாடு, சட்டத்தை இயற்றுபவர்களுக்குத் தேர்ந்தெடுக்கப்படுதல் என்ற ஒன்றைத் தவிர வேறு தகுதி எதையும் கேட்காதது முரண் என்று வருந்தினார். இவ்வருத்தம் இன்றுவரை மேற்கோளாக வலம்வருகிறது. ஆனால் அறிவுப் பயிற்சியைக் காட்டிலும் நடுநிலையாக நோக்கும் ஆற்றலும், சுதந்திரமாகச் செயல்படும் துணிவும், எல்லாவற்றுக்கும் மேலாக நேர்மையான ஒழுக்கமும் சட்டமியற்றுபவருக்குத் தேவை என்றும், இவற்றை அளந்தறியும் அளவுகோல் எதுவும் வகுக்க இயலாது என்றும் அதே உரையில் அவர் சேர்த்துச் சொன்னதை மேற்கோள் காட்டுபவர்கள் விட்டுவிடுகிறார்கள். அளவுகோல் வகுக்க இயலாது என்று அவர் கருதிய இடத்தில், 2014 டிசம்பரில் ராஜஸ்தானும் 2015-இல் ஹரியானாவும் பள்ளிச் சான்றிதழை அளவுகோலாக நட்டன. ஹரியானாவின் சட்டப்படி ஊராட்சித் தேர்தலில் நிற்கப் பொதுப்பிரிவு ஆண்கள் பத்தாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும். பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் அது சற்றுத் தளர்த்தப்பட்டது. ராஜ்பாலா என்பவர் தொடுத்த வழக்கில் 2015 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் அச்சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்ததோடு, நன்மை தீமைகளைப் பகுத்தறியும் ஆற்றலைத் தருவது கல்வியே என்ற கருத்தையும் தெரிவித்தது. பள்ளிக்கு அனுப்பும் கடமையில் அரசு தவறிய தலைமுறையினர், அத்தவறுக்கான தண்டனையைத் தாமே ஏற்கவேண்டும் என்பதே இதன் நடைமுறைப் பொருள். ராஜஸ்தான் 2019-இல் தன் விதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. சான்றிதழ் இல்லாத ஊராட்சித் தலைவர்களால் அந்த மாநிலம் கவிழ்ந்துவிடவில்லை.

தமிழ்நாட்டில் இவ்வாதம் பேசுபவர்கள் வடநாட்டுச் சட்டங்களைவிட உத்திரமேரூர்க் கல்வெட்டுகளையே விரும்பி நாடுகிறார்கள். முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்ட அக்கல்வெட்டுகள், குடவோலை முறையில் வாரிய உறுப்பினராவதற்கான தகுதிகளை விரித்துரைப்பது உண்மைதான். கணக்குக் காட்டாதவரையும் அவருடைய உறவினரையும் விலக்கிய விதியை இன்றைய மாநகராட்சிகள் படித்துப் பார்ப்பதும் நல்லது. ஆனால் கால்வேலிக்குக் குறையாத வரி செலுத்தும் நிலம், சொந்த மனையில் கட்டிய வீடு, வேதப் பயிற்சி ஆகியவையும் அங்கே கேட்கப்பட்டன. அது சதுர்வேதிமங்கலம், அதாவது பிராமணர்களுக்குத் தானமாக வழங்கப்பட்ட ஊர்; அதன் சபை அவ்வூர் நிலவுடைமையாளர்களின் சபை. அவ்வூர்க் கோயிலின் கல்லைச் செதுக்கியவரும், அந்த எழுத்தையே உளிகொண்டு பொறித்தவரும் அந்தக் குடத்துக்குள் ஓலை இடப்படும் தகுதி பெற்றவர்கள் அல்லர். கொங்கு நாட்டுக் கல்வெட்டுகள் சில, கம்மாளர்கள் தங்கள் நன்மை தீமைகளுக்கு இரட்டைச் சங்கு ஊதவும், காலில் செருப்பு அணியவும், வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசவும் அரசன் உரிமை வழங்கியதைப் பதிவு செய்கின்றன. ஊரார் வீட்டுக்கெல்லாம் சுவர் எழுப்பியவர் தம் வீட்டுச் சுவருக்குச் சாந்து பூச அரசாணை தேவைப்பட்ட சமூகத்தின் தகுதி விதிகளை மக்களாட்சிக்கு முன்மாதிரியாகக் காட்டுபவர்கள், தாங்கள் எதை மீட்க விரும்புகிறார்கள் என்பதை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

இனித் தமிழ்நாட்டின் அண்மைக்கால வரலாற்றுக்கு வரலாம். ம.பொ.சி. என்று அழைக்கப்பட்ட ம.பொ. சிவஞானம் 1906 ஜூன் 26 அன்று சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியிலுள்ள சால்வன்குப்பத்தில் பிறந்தார். வறுமையால் மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டார். சிறுவயதில் நெசவு செய்தார். பின்னர் வரதராசுலு நாயுடுவின் 'தமிழ்நாடு' இதழ் அச்சகத்தில் அச்சுக்கோப்பவராக, அதாவது கம்பாசிட்டராகப் பல ஆண்டுகள் உழைத்தார். விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றார். 1942-இல் கைதாகி அமராவதிச் சிறையில் அடைக்கப்பட்ட காலத்தில் சிலப்பதிகாரத்தில் ஆழ்ந்து, பிற்காலத்தில் சிலம்புச் செல்வர் எனப் பெயர் பெற்றார். 1946-இல் தமிழரசுக் கழகத்தை நிறுவினார். சென்னை மாநகராட்சி மன்றத்தில் இடம்பெற்று, வில், புலி, கயல் ஆகிய மூவேந்தர் சின்னங்கள் மாநகராட்சியின் கொடியில் ஏறக் காரணமானார். ஆந்திரம் தனி மாநிலமாகப் பிரிந்த 1953-இல் சென்னை நகரத்தின் உரிமைக்காகவும், அதைத் தொடர்ந்து வட எல்லைக்காகவும் போராட்டங்களை வழிநடத்தினார். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி தமிழகத்தோடு இணைந்தது அப்போராட்டத்தின் விளைவு. 1967-இல் தியாகராய நகர்த் தொகுதியிலிருந்து சட்டப்பேரவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1986 நவம்பர் 1 அன்று கலைக்கப்பட்ட தமிழ்நாடு சட்ட மேலவையின் கடைசித் தலைவரும் அவரே.

மேலவையைப் பற்றி ஒரு விளக்கம் இங்கே தேவை. அரசியல் சட்டத்தின் 171-ஆம் பிரிவின்படி, மேலவை உறுப்பினர்களுள் பன்னிரண்டில் ஒரு பங்கினரைப் பட்டதாரிகளும், இன்னொரு பன்னிரண்டில் ஒரு பங்கினரை ஆசிரியர்களும் தேர்ந்தெடுப்பார்கள்; உள்ளாட்சி உறுப்பினர்களும் சட்டப்பேரவை உறுப்பினர்களும் தலா மூன்றில் ஒரு பங்கினரைத் தேர்ந்தெடுக்க, எஞ்சிய ஆறில் ஒரு பங்கினரை இலக்கியம், அறிவியல், கலை, கூட்டுறவு, சமூகப்பணி ஆகியவற்றில் அனுபவம் உள்ளவர்களிலிருந்து ஆளுநர் நியமிப்பார். பட்டதாரிக்கென்று தனித் தொகுதி வைத்து, அவருக்கு ஒரு வாக்குக்கு மேல் இன்னொரு வாக்கையும் கொடுத்த அவை அது. படித்தவர் ஆட்சி என்ற கனவுக்கு இந்திய அரசியல் சட்டம் அளித்த ஒரே நிறுவன வடிவம் என்று அதைச் சொல்லலாம். அந்த அவையில் பேராசிரியர்களும் வழக்கறிஞர்களும் எழுப்பிய ஒழுங்குப் பிரச்சினைகளுக்குத் தலைமை இருக்கையிலிருந்து தீர்ப்புச் சொன்னவர் மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்ட அச்சுக்கோப்பவர். அவருடைய அரசியல் நிலைப்பாடுகளோடு, குறிப்பாக இராஜாஜியோடு அவர் கொண்டிருந்த நெருக்கத்தோடு, பலருக்கு உடன்பாடு இருந்ததில்லை. ஆனால் அவைத்தலைமைக்கு அவர் தகுதியற்றவர் என்று அவருடைய எதிரிகளும் வாதிட்டதாகத் தெரியவில்லை.

படித்தவர் வாதத்தின் இரண்டாம் பகுதி இந்த இடத்தில்தான் உதவிக்கு அழைக்கப்படுகிறது. ம.பொ.சி. மேதை, காமராசர் படிக்காத மேதை, ஆகவே அவர்களை வைத்துப் பொதுவிதி வகுக்கக் கூடாது என்கிறார்கள். இப்பாராட்டின் உட்பொருளைப் பிரித்துப் பார்த்தால், அவர் செய்த தொழில் அவருக்கு எதையும் கற்பிக்கவில்லை, அவர் கற்றதெல்லாம் வானத்திலிருந்து விழுந்தது என்பதுதான் எஞ்சுகிறது. உண்மை அதற்கு நேர்மாறானது. கையால் அச்சுக்கோத்த காலத்தில், எழுதியவரின் கிறுக்கலைப் படித்துப் பொருள் உணர்ந்து, பல அறைகள் கொண்ட பெட்டியிலிருந்து ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, இடவலமாகத் திரும்பிய வடிவிலேயே அவற்றைப் படித்து, வரியின் அகலத்துக்குப் பொருந்த இடைவெளியைச் சரிசெய்து, பிழை திருத்திய தாளைப் பார்த்து மீண்டும் கோக்க வேண்டியிருந்தது. ஒரு தலையங்கத்தை நகரத்தில் முதலில் படிப்பவர் ஆசிரியர் என்றால், இரண்டாவதாகப் படிப்பவர் அச்சுக்கோப்பவர். அதுவும் எழுத்தெழுத்தாக, தவிர்க்க இயலாத கவனத்தோடு. பல ஆண்டுகள் நாள்தோறும் அரசியல் கட்டுரைகளை இவ்வாறு படித்தவரைப் படிக்காதவர் என்று அழைக்கும் வழக்கம், படிப்பு எங்கே நிகழ்கிறது என்பதைப் பற்றிய அறியாமையையே காட்டுகிறது. உலகெங்கும் தொழிலாளர் இயக்கங்களின் முன்வரிசையில் அச்சுத் தொழிலாளர்கள் நின்றதற்கும், பெஞ்சமின் பிராங்க்ளின் என்ற அச்சுத் தொழிலாளி பென்சில்வேனியாவின் சட்டமன்றத்தில் அமர்ந்ததற்கும் இதே காரணம்தான். அத்தனை பேரையும் அபூர்வப் பிறவிகள் என்று ஒதுக்கிவிட இயலாது.

மற்றத் தொழில்களிலும் இது பொருந்தும். கேரளத்தின் வி.எஸ். அச்சுதானந்தன் ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டு, ஆலப்புழையில் அண்ணனின் தையற்கடையிலும் பின்னர் கயிற்றுத் தொழிற்சாலையிலும் வேலை செய்தவர். 2006 முதல் 2011 வரை முதலமைச்சராக இருந்தவர். பிரேசிலின் லூலா, பயிற்சி நிலையத்தில் முறையாகக் கற்றுத் தேறிய கடைசல் தொழிலாளி. இயந்திரத்தில் விரலை இழந்தவர். உலோகத் தொழிலாளர் சங்கத்தில் பேரம் பேசக் கற்றதை நாட்டின் அரசியலுக்குக் கொண்டு வந்தவர். பேரம், கூலிக் கணக்கு, சக தொழிலாளியின் நம்பிக்கையைப் பெறுதல், முதலாளியின் பொய்க்கணக்கைக் கண்டுபிடித்தல் ஆகியவை தொழிற்கூடத்தில் கற்பிக்கப்படும் பாடங்கள். அவற்றுக்கு மதிப்பெண் பட்டியல் வழங்கப்படுவதில்லை என்பது மட்டுமே வேறுபாடு. சோழமண்டலக் கடற்கரையின் மீனவர் ஊர்ப் பஞ்சாயத்துகளை ஆராய்ந்த மார்ட்டன் பாவிங்க், எந்த வலை எந்தப் பருவத்தில் மற்றவரின் பிழைப்பைக் கெடுக்கும் என்பதை விவாதித்துத் தடைசெய்யும் அதிகாரத்தை அவை கையாண்டுவந்ததைக் காட்டியுள்ளார். கடல்வள மேலாண்மை என்று பல்கலைக்கழகங்கள் அழைக்கும் பணி அது. அப்பஞ்சாயத்துகளில் பெண்களுக்கு இடமில்லாதிருந்தது பெருங்குறை. ஆயினும் அக்குறை மீன்பிடித் தொழிலிலிருந்து வந்ததன்று, பட்டதாரிகளின் மன்றங்களிலும் அது நெடுங்காலம் இருந்ததுதான்.

தொழில் தேர்ச்சியுடையவர் எல்லாரும் நல்ல ஆட்சியாளர் ஆவார் என்று இதற்குப் பொருளன்று. அமெரிக்காவின் ஆண்ட்ரூ ஜான்சன் தையற்காரராகத் தொடங்கி, டென்னசி மாநிலத்தின் கிரீன்வில் ஊரில் நகரமன்ற உறுப்பினராகவும் மேயராகவும், பின்னர் மாநிலச் சட்டமன்ற உறுப்பினராகவும், ஆளுநராகவும் படிப்படியாக உயர்ந்து, 1865-இல் குடியரசுத் தலைவரானவர். உள்ளாட்சியிலிருந்து உச்சிவரை ஒரு கைத்தொழிலாளி ஏறிய ஏணிக்கு அவரைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. ஆனால் விடுதலை பெற்ற கறுப்பின மக்களின் குடியுரிமைச் சட்டத்தை 1866-இல் தடுக்க முயன்றவரும் அவரே. ஊசி பிடித்த கை அவரை நீதியாளர் ஆக்கவில்லை. எனினும் ஜான்சனின் தவற்றுக்கு எவரும் தையற்கலையைக் குற்றம் சாட்டுவதில்லை என்பதும், அதே தவற்றைச் செய்த வழக்கறிஞர்களின் பட்டத்தை எவரும் கேள்வி கேட்பதில்லை என்பதும் கவனிக்கத்தக்கவை. ஒருவர் செய்த தீமைக்கு அவருடைய கல்வியின்மை காரணமாக்கப்படும்போது, மற்றவர் செய்த தீமைக்கு அவருடைய கல்வியும் காரணமாக்கப்பட வேண்டும். வாதம் நேர்மையானதாக இருந்தால் இரண்டில் ஒன்றை மட்டும் செய்யாது.

தமிழ்நாட்டின் சொந்த அனுபவமே இதற்குச் சான்று. 1953-இல் முதலமைச்சர் இராஜாஜி, சட்டம் பயின்ற பேரறிஞர், தொடக்கப்பள்ளி மாணவர்கள் அரைநாள் பள்ளியிலும் எஞ்சிய நேரம் பெற்றோரின் தொழிலிலும் இருக்கவேண்டும் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தார். எதிர்த்தவர்கள் அதைக் குலக்கல்வித் திட்டம் என்றனர். பள்ளியை இடையில் விட்டு மாமாவின் துணிக்கடையில் வேலை செய்த காமராசர் 1954 ஏப்ரலில் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. மதிய உணவும் புதிய பள்ளிகளும் அவர் காலத்தில் பெருகின. படித்தவர் மற்றவரின் படிப்பைப் பாதியாக்க, படிப்பை இழந்தவர் அதை முழுமையாக்கினார். பட்டத்துக்கும் கல்வி பற்றிய தொலைநோக்குக்கும் இருப்பதாகச் சொல்லப்படும் தொடர்பு இந்த ஓராண்டிலேயே அறுந்துவிடுகிறது.

இங்கே ஒரு வலுவான எதிர்க்கேள்வி எழக்கூடும். தொழிலே கல்வி என்றால், குழந்தையைத் தொழிலுக்கு அனுப்பச் சொன்ன இராஜாஜியின் திட்டம் சரிதானே என்று கேட்கலாம். அத்திட்டத்தின் தவறு தொழிலைக் கல்வியாகக் கண்டதில் இல்லை. எந்தக் குழந்தைக்கு எந்தத் தொழில் என்பதைப் பிறப்பைக் கொண்டு தீர்மானித்ததிலும், அதற்கு விலையாகப் பள்ளி நேரத்தைப் பறித்ததிலும் இருந்தது. தமிழகத்தில் தொழில் என்பது பல நூற்றாண்டுகளாகச் சாதியின் மறுபெயராக இருந்ததால், தொழிலைப் போற்றும் எந்தப் பேச்சும் சாதியைப் போற்றும் பேச்சாக மாறும் ஆபத்து உண்டு. இவ்வாபத்தை மறைப்பது முறையன்று. ஆனால் அவரவர் தொழிலோடு நிற்கட்டும் என்று சொல்லிக் குழந்தையைத் தறிக்குழியில் இறக்கிய சிந்தனையும், தறியிலிருந்து வந்தவனுக்கு மன்றத்தில் என்ன வேலை என்று கேட்கும் சிந்தனையும் வெவ்வேறானவை அல்ல. முன்னது தொழிலுக்குள் தள்ளிக் கதவைச் சாத்துகிறது. பின்னது வெளியே வரும்போது சாத்துகிறது. ம.பொ.சி. தம் பள்ளியிழப்பைப் பெருமையாகக் கொண்டவர் அல்லர், சிறையில்கூடக் கற்றவர். தொழில்திறன் கொண்டவருக்கு மன்றம் திறந்திருக்க வேண்டும் என்பது, அவர் பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் மூடியிருக்கட்டும் என்பதாகாது.

நடைமுறை சார்ந்த மறுப்பு ஒன்றும் அடிக்கடி கேட்கப்படுகிறது. மேஸ்திரி மாமன்ற உறுப்பினரானால் ஒப்பந்ததாரர் ஆகிவிடுவார், எலக்ட்ரீஷியன் ஆனால் தெருவிளக்குக்குத் தரகு கேட்பார் என்பது அது. நகரத்தின் விளிம்பில், நிலத்தின் விலை ஏறிக்கொண்டே போகும் இடங்களில், வீட்டுமனைத் தரகும் ஒப்பந்தமும் உள்ளாட்சி அரசியலைச் சூழ்ந்திருப்பது கண்கூடு. ஆனால் கரணை பிடிப்பவரும் ஒப்பந்தம் எடுப்பவரும் ஒருவரல்லர். ஒருவர் திறனை விற்கிறார், மற்றவர் பிறர் திறனை வாங்கி விற்கிறார். மாநகராட்சியோடு ஒப்பந்தத் தொடர்புடையவர் உறுப்பினராகக் கூடாது என்ற விதி ஏற்கெனவே உண்டு. அது பினாமிப் பெயர்களால் ஏய்க்கப்படுவது சட்டத்தைச் செயல்படுத்துவோரின் தோல்வி. அந்த ஏய்ப்புக்கு ஆவணம் தயாரித்துக் கொடுப்பவர்கள் படித்தவர்கள் என்பதையும் நினைவில் கொள்ளலாம்.

உண்மையான தடை வேறிடத்தில் உள்ளது. நிக்கோலஸ் கார்ன்ஸ் என்ற அமெரிக்க அரசியல் அறிஞர், தம் நாட்டு நாடாளுமன்றத்தில் உடலுழைப்புத் தொழில்களிலிருந்து வந்தவர்கள் நூற்றுக்கு இரண்டு பேருக்கும் குறைவு என்பதைக் கண்டு, அதற்குக் காரணம் அவர்களிடம் திறன் குறைவதோ வாக்காளர்கள் அவர்களை விரும்பாததோ அல்ல, அவர்கள் போட்டியிடவே இயலாததுதான் என்று காட்டினார். கூலியை விட்டுவிட்டுப் பிரசாரத்துக்குப் போக அவர்களால் முடிவதில்லை. கட்சிகளும் அவர்களைத் தேடிப் போவதில்லை. பிரிட்டனில் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குச் சம்பளம் வேண்டும் என்று சாசன இயக்கத் தொழிலாளர்கள் 1838-இலேயே கேட்டும், அது 1911-இல்தான் கிடைத்தது. சம்பளமில்லாத பதவி என்பது செல்வருக்கு ஒதுக்கப்பட்ட பதவி என்பதை அவர்கள் சரியாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். சென்னை மாமன்ற உறுப்பினருக்கு மாத மதிப்பூதியம் என்று பத்தாயிரம் ரூபாய் வரத் தொடங்கியதே 2023-இல்தான். அதுவரை கூட்டப்படி மட்டுமே. சட்டப்பேரவைத் தேர்தலில் பெரிய மாநிலங்களில் ஒரு வேட்பாளர் செலவிடச் சட்டம் அனுமதிக்கும் உச்சவரம்பு நாற்பது லட்சம் ரூபாய். வரம்பே இதுவென்றால், பிளம்பர் ஒருவர் ஏன் நிற்கவில்லை என்று ஆராய அறிவாற்றல் தேர்வு எதுவும் தேவையில்லை.

தொழிலாளிக்கு இடம் மறுக்கப்பட்ட வரலாறு இந்நகரத்தில் நீளமானது. 1688-இல் சென்னை மாநகராட்சி தொடங்கியபோது அதன் ஆல்டர்மேன்களாக அமர்ந்தவர்கள் வணிகர்கள்; நகரமே நெசவாளர்களின் துணிக்காக எழுந்தது, 1734-இல் சிந்தாதிரிப்பேட்டை அவர்களுக்காகவே உருவாக்கப்பட்டது, ஆனால் மன்றத்தில் அமர்ந்தவர் நெய்தவரல்லர், வாங்கி விற்றவர். 1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின்படி அமைந்த சென்னை மாகாணச் சட்டப்பேரவையின் 215 இடங்களில் தொழிலாளர்களுக்கு ஆறு ஒதுக்கப்பட்டது. வணிகத்துக்கும் தொழிலதிபர்களுக்கும் ஆறு, நிலவுடைமையாளர்களுக்கு இன்னோர் ஆறு, பல்கலைக்கழகத்துக்கு ஒன்று. விடுதலைக்குப் பின் வந்த வயதுவந்தோர் வாக்குரிமை இந்தக் கணக்கைச் சட்டத்திலிருந்து அழித்தது. கட்சிகள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் அறைகளிலிருந்து அழிக்கவில்லை. வியப்பு என்னவென்றால், நாடகக் கம்பெனியிலும் திரைப்படத்திலும் தொழில் கற்று வந்தவர்களைத் தமிழகம் முதலமைச்சர்களாக ஏற்றுக்கொண்டபோது, அவர்களின் பள்ளிச் சான்றிதழைப் பெரும்பாலோர் கேட்கவில்லை. நடிப்பும் ஒரு கைத்தொழில்தான். அதற்குத் தரப்பட்ட விலக்கு தச்சுக்கும் கொத்துக்கும் ஏன் தரப்படவில்லை என்பதற்குப் படித்தவர் வாதத்தில் விடையில்லை.

மீண்டும் கொட்டிவாக்கத்தின் மண்ணுக்கு. திருவான்மியூர் தொடங்கித் தெற்கே செல்லும் கடலோரப் பட்டை மணற்பாங்கானது. விழும் மழையை உடனே உறிஞ்சித் தன்னடியில் நன்னீராகத் தேக்கி, கடல்நீர் உள்ளே வராமல் தடுப்பது. சிமென்ட் உறை இறக்கிக் கிணறு தோண்டுபவர் எவருக்கும் இது கையறிந்த செய்தி. எத்தனையாவது உறையில் நீர் ஊறும், எத்தனை உறைக்குக் கீழே போனால் உப்புக் கரிக்கும் என்பதைப் பார்த்தே அவர் வேலையை நிறுத்துவார். கோவளம் வடிநிலப் பகுதிக்கு ஜெர்மன் வளர்ச்சி வங்கியின் கடனில் மழைநீர் வடிகால் திட்டமிடப்பட்டபோது, இந்த மணற்பட்டையிலும் கான்கிரீட் வடிகால் கட்டி, நிலத்துக்குள் இறங்கவேண்டிய நீரைக் கடலுக்கு அனுப்பும் வரைபடங்கள் தயாராயின. கிழக்குக் கடற்கரைச் சாலைக் குடியிருப்போர் எதிர்த்தனர். வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்குச் சென்றது. எதிர்த்தவர்களுள் பட்டதாரிகள் பலர் இருந்தனர் என்பது உண்மை, அவர்களுடைய முயற்சி போற்றத்தக்கது. ஆனால் வரைபடம் போட்டவர்களும் பட்டதாரிகளே. இரு தரப்பாரையும் பிரித்தது பட்டமன்று, அந்த மண்ணோடு கொண்ட பழக்கம். அப்பழக்கத்தைப் பிறரைவிட ஆழமாகக் கொண்ட கிணறு தோண்டுபவர், அந்த விவாதத்தின் எந்தக் கட்டத்திலும் அதிகாரபூர்வமாக அழைக்கப்படும் நிலையில் இல்லை. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த மாமன்றத்துக்கு 2022 பிப்ரவரி 19 வரை தேர்தலே நடக்காமல், நகரம் தனி அலுவலரின் கீழ் இருந்தது. படித்தவர் மட்டுமே ஆளும் நிர்வாகம் எப்படியிருக்கும் என்ற சோதனையைச் சென்னை ஐந்தாண்டுகளுக்கு மேல் நடத்திப் பார்த்தது என்றும் இதைச் சொல்லலாம்.

கழிவுநீர்க் குழாய்களின் நிலையும் இதுவே. மனிதர் கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993-இலும், மலக்குழிக்குள் இறங்குவதையும் சேர்த்துத் தடுக்க 2013-இலும் சட்டங்கள் இயற்றப்பட்டன, இரண்டும் நன்கு வரையப்பட்டவை, மரணங்கள் நிற்கவில்லை. இரவு வேளையில் யார் அழைக்கிறார்கள், எந்த அடைப்பை எந்த இயந்திரம் எட்டாது, மூடியைத் திறந்தபின் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள், ஏன் காத்திருப்பதில்லை என்பனவற்றை அறிந்தவர் சட்டம் வரையும் இடத்தில் இல்லாதபோது, சட்டம் தான் தடுக்கவேண்டிய குழியின் விளிம்பிலேயே நின்றுவிடுகிறது.

அனுபவமும் தகுதியே என்ற கொள்கையை இந்தியச் சட்டம் அறியாமல் இல்லை. தெருவோர வணிகர்களுக்கான 2014-ஆம் ஆண்டுச் சட்டம், நகர விற்பனைக் குழுவின் உறுப்பினர்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்குக் குறையாமல், வணிகர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுத்த வணிகர்களாக இருக்கவேண்டும் என்கிறது. 2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டப்பேரவை, உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்க வழிசெய்தது. படிக்கட்டின் உயரத்தை அறிந்தவரே படிக்கட்டைப் பற்றிப் பேசவேண்டும் என்பது அதன் அடிப்படை. அரசியல் சட்டத்தின் 243-ஆர் பிரிவு, நகராட்சி நிர்வாகத்தில் சிறப்பு அறிவோ அனுபவமோ உடையவர்களை வாக்குரிமையின்றி மன்றத்தில் நியமிக்க மாநிலங்களுக்கு இடமளிக்கிறது. சிறப்பு அறிவு என்றவுடன் ஓய்வுபெற்ற பொறியாளரும் முன்னாள் ஆட்சிப் பணி அலுவலரும் மட்டுமே நினைவுக்கு வருவது அப்பிரிவின் சொற்களால் விளைந்ததன்று. முப்பது ஆண்டுகள் குழாய் பதித்தவரை அதன்கீழ் நியமிக்கச் சட்டத்தடை ஏதுமில்லை. ஆயினும் அதையே தீர்வாகக் கொள்வது மீண்டும் அவரை ஆலோசகர் நாற்காலியில் அமர்த்தி, முடிவெடுக்கும் வாக்கை மற்றவர் கையில் விடுவதாகும், ம.பொ.சி. தியாகராய நகரில் நின்றது வாக்குக் கேட்டுத்தான், நியமனம் கேட்டன்று. மதிப்பூதியம் ஒரு நாள் கூலியை ஈடுசெய்யும் அளவுக்கு உயர்வதும், மாமன்றக் கூட்டங்களும் குழுக் கூட்டங்களும் வேலைநேரத்துக்கு வெளியே நடப்பதும், கட்சிகள் வட்டச் செயலாளரின் பணப்பையைப் பார்க்காமல் தொழிற்சங்கங்களிலும் மீனவக் குப்பங்களிலும் கட்டுமானத் தொழிலாளர் கூடும் சந்திகளிலும் வேட்பாளரைத் தேடுவதும் நிகழ்ந்தபின், அங்கிருந்து வந்தவர் தோற்றாரா வென்றாரா என்பதைக் கொட்டிவாக்கத்தின் வாக்காளர்கள் தீர்மானிக்கலாம்.